இருவராய் நடந்த பாதை: நாசரேத்திலிருந்து கப்பர்நகூமுக்கு





ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதியில் அத்திபெலே எல்லையில் நின்று பார்த்தால், பெங்களூரிலிருந்து வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்களைக் காணலாம். காவி உடை உடுத்தி, தோளில் ஒரு பையைச் சுமந்து, நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை நடந்தே கடந்து, செப்டம்பர் 8-ஆம் தேதித் திருவிழாவுக்குப் போய்ச் சேருகிறார்கள். அவர்களில் கணவனும் மனைவியுமாகச் செல்கிறவர்களும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையைச் சேர்ந்த ஒரு வாலிப சகோதரர் அவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். அவருக்கு இரவு ஷிப்டு, மனைவிக்குப் பகல் ஷிப்டு. "ஐயா, நம்முடைய விசுவாசத்தில் இப்படிப் புருஷனும் மனைவியும் சேர்ந்து நடக்கிற நடை ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். யோவான் நான்காம் அதிகாரத்தை எடுத்து விளக்கினேன். பிதாவைத் தொழுதுகொள்ள இன்ன மலைக்கும் இன்ன நகரத்துக்கும் போகவேண்டும் என்ற காலம் முடிந்துவிட்டது; நடையினால் புண்ணியம் சேருவதில்லை; கிருபையினாலே இரட்சிப்பு என்றேன். அவர் தலையசைத்துச் சென்றுவிட்டார்.

உபதேசத்தின்படி அது சரியான பதில்தான். ஆனால் அது முழுப் பதில் அல்ல. ஏனெனில் அப்படி ஒரு நடையை என் துணைவியாரோடு நானே நடந்திருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதை அவரிடம் சொல்ல வெட்கம் என்னைத் தடுத்தது. அன்று அவருக்குச் சொல்லாததை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

இரண்டு எல்லை ஊர்கள்

நம் ஆண்டவர் ஊர் மாறி வந்து குடியிருந்தவர் என்பதை நீங்கள் எப்போதாவது சிந்தித்ததுண்டா? வளர்ந்த ஊராகிய நாசரேத்தை விட்டு, கலிலேயாக் கடலோரமாயிருந்த கப்பர்நகூமிலே வந்து அவர் வாசம்பண்ணினார் என்று மத்தேயு எழுதுகிறார் (மத். 4:13). ஊழியத்தின் பெரும்பகுதிக்கு அதுவே அவருடைய ஊராயிற்று.

கப்பர்நகூம் ஓர் எல்லை ஊர். அதற்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் யோர்தான் நதி கடலில் விழுகிறது. நதிக்கு இப்பால் ஏரோது அந்திப்பாவின் ஆட்சி. அப்பால் அவன் சகோதரனாகிய பிலிப்பின் ஆட்சி. ஆகவேதான் அங்கே ஆயத்துறை இருந்தது; ஆயக்காரனாகிய மத்தேயு அங்கே உட்கார்ந்திருந்தான். மீன்பிடிக்கிறவர்களும், வியாபாரிகளும், ரோம நூற்றுக்கு அதிபதியும் கலந்து வாழ்ந்த ஊர் அது.

அத்திபெலேயை அறிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே தங்கள் தெரு நினைவுக்கு வரும். ஆனேக்கல் தாலுகாவின் இந்த ஊரைத் தாண்டினால் ஜூஜூவாடி, அதற்கப்பால் ஓசூர். முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலை ஊரின் நடுவே ஓடுகிறது. நமக்கும் சுங்கச்சாவடி உண்டு. வரிசையில் நிற்கும் லாரிகள் உண்டு. கடைப்பலகை கன்னடத்தில் இருக்கும், கல்லாவில் பேச்சு தமிழில் இருக்கும், பேரம் தெலுங்கில் நடக்கும். தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைப்புக்காக வந்து இங்கே குடியேறிய நீங்கள், "நம் ஆண்டவரும் ஆயத்துறை உள்ள எல்லை ஊருக்குக் குடிவந்தவரே" என்று தைரியமாய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

நாசரேத்துக்கும் கப்பர்நகூமுக்கும் இடையே இன்று "இயேசு பாதை" என்ற பெயரில் ஒரு நடைபாதை இருக்கிறது. மாவோஸ் இனோன் என்ற இஸ்ரவேலரும், டேவிட் லாண்டிஸ் என்ற அமெரிக்கரும் 2007-ஆம் ஆண்டில் அதை அமைத்தார்கள். ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தூரம். நான்கு நாள் நடை. கட்டணம் ஏதும் இல்லை. கற்களிலும் கம்பங்களிலும் வெள்ளை, ஆரஞ்சு, வெள்ளை என்று மூன்று கோடுகள் தீட்டியிருப்பார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும்.

எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டாகிய 2019-இல், சபையாரின் அன்பின் காணிக்கையும் எங்கள் மகனின் சேமிப்பும் சேர்ந்து எங்களை அங்கே அனுப்பின. பேருந்தில் எல்லா இடங்களையும் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் நான் நினைத்தேன். "பேருந்தில் ஏறி இறங்கியே நம் வாழ்நாள் போய்விட்டது, நடக்கலாம்" என்று சொன்னவர் என் துணைவியார்.

வழியில் தவறவிட்டது

மார்ச் மாதம், கலிலேயா பசுமையாயிருந்தது. வயல் ஓரங்களில் செந்நிறப் பூக்கள் சிதறிக்கிடந்தன. முதல் நாள், நாசரேத்தின் பழைய கடைத்தெருவிலிருந்து ஏறத்தாழ நானூறு படிகள் ஏறி, மேட்டின்மேல் நின்று திரும்பிப் பார்த்தோம். பின்பு செப்போரி வழியாக நடந்து, மாலையில் கானா ஊர் என்று காட்டப்படும் கப்ர் கன்னாவை அடைந்தோம். உண்மையான கானா வடக்கே உள்ள வேறொரு மேடு என்று கருதுகிற ஆராய்ச்சியாளரும் உண்டு. எதுவாயினும், கலியாண வீட்டுக்குக் கர்த்தர் வந்த ஊரின் பெயரில் அன்றிரவு நாங்கள் முழங்காற்படியிட்டோம்.

வேதவசனங்களில் ஒரு சிறு சொல் அந்த நடையில்தான் எனக்கு விளங்கிற்று. கப்பர்நகூமிலிருந்த ராஜாவின் மனுஷன், மரிக்கும் தறுவாயிலிருந்த மகனுக்காகக் கானாவுக்கு வந்து, இறங்கி வரும்படி கர்த்தரை வேண்டிக்கொண்டான் (யோவான் 4). ஏன் "இறங்கி"? நாசரேத்து கடல்மட்டத்துக்குமேல் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கப்பர்நகூமோ கடல்மட்டத்துக்கும் கீழே, ஏறத்தாழ 210 மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது. நடுவே ஏற்றங்கள் இருந்தாலும், மொத்தத்தில் பாதை இறக்கமே. நாம் கிருஷ்ணகிரியிலிருந்து மேட்டின்மேல் ஏறி நகரத்துக்கு வந்தோம். அவர் இறங்கி வந்தார். அந்தத் தகப்பன் இதே வழியில்தான், பிள்ளை பிழைப்பானோ என்ற பாரத்தோடு, மூச்சிரைக்க மேலே ஏறி வந்திருக்கவேண்டும்.

இரண்டாம் நாள் தூரான் பள்ளத்தாக்கைக் கடந்து ஒரு காட்டுப் பகுதிக்குள் நுழைந்தோம். நான் வழக்கம்போல முன்னே நடந்தேன். மறுநாள் தியானத்துக்கு ஒரு செய்தி மனதில் உருவாகிக்கொண்டிருந்தது. துணைவியார் பின்னால் வருகிறார் என்றே எண்ணிக்கொண்டேன். ஏறத்தாழ அரைமணி நேரம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது, பின்னால் யாரும் இல்லை.

பாதை பிரிந்த இடத்தில் மூன்று கோட்டு அடையாளத்தைக் கவனிக்காமல் தவறான வழியில் போனவன் நான். பதைபதைத்து ஓடி வந்தபோது, அவர் அடையாளம் தீட்டப்பட்ட கல்லின் அருகே, இரண்டு பைகளையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். களைத்துப்போய் என் பையையும் காலையிலேயே அவரிடம் கொடுத்திருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கூப்பிட்டிருக்கலாமே!" என்றேன்.

"கூப்பிட்டேன். நீங்கள் கேட்கவில்லை" என்றார். சற்று நேரம் கழித்து, "அத்திபெலே பஸ் ஸ்டாப்பில் நின்றேனே, அதுபோலவே நின்றேன்" என்றார்.

பிரியமானவர்களே, இதை நான் விளக்கவேண்டும். 1996-ஆம் ஆண்டு ஊழியத்துக்காக நான் முதலில் தனியே அத்திபெலேக்கு வந்தேன். துணைவியார் ஊத்தங்கரைப் பக்கத்தில் தாய்வீட்டில் இருந்தார். அங்கே எங்கள் மகன் பிறந்தான். 1997 ஜூன் மாதம், ஒன்பது மாதக் குழந்தையோடும் ஓர் இரும்புப் பெட்டியோடும் அவர் தனியாகப் பேருந்து ஏறி வந்தார். நான் பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் சந்தாபுரத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் நீண்டுவிட்டது. மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அக்காலத்தில் கைப்பேசி இல்லை.

இந்தச் சம்பவத்தைப் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனையோ முறை சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். ஊழிய வைராக்கியத்தில் மனைவியையும் பிள்ளையையும் மறந்தேன் என்று சொல்லுவேன். சபையார் "அல்லேலூயா" என்பார்கள். முன்வரிசையில் துணைவியார் உட்கார்ந்திருப்பார். அந்த மூன்று மணி நேரத்தை அவருடைய வாயால் நான் கேட்டதேயில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, கலிலேயாவின் ஒரு காட்டில்தான் கேட்டேன்.

"குழந்தைக்குப் பசி. பால் கொடுக்க மறைவான இடம் எங்கே என்று கேட்க எனக்குக் கன்னடம் தெரியாது. பூ விற்கிற அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, தன் சாக்கை விரித்து உட்காரவைத்து, முந்தானையைப் பிடித்து மறைத்துக்கொண்டார். அவர் பேசியது ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. நீங்கள் வந்தீர்கள். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, 'கூட்டம் மிகவும் ஆசீர்வாதமாயிருந்தது.' நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தீர்கள்; நான் பின்னால் வந்தேன்."

அவர் கோபமாய்ச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாதிருந்தது.

அன்றிரவு ஓய்வெடுக்கையில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எடுத்தேன். வருஷந்தோறும் பஸ்கா பண்டிகைக்கு நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு நடந்து சென்று வந்த தம்பதியர் யோசேப்பும் மரியாளும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்து ஒருநாள் தூரம் வந்துவிட்டார்கள். அவர் அங்கே இல்லை. தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. பரிசுத்தமான பயணந்தான், பண்டிகையிலிருந்து திரும்பிய வழிதான். ஆயினும் "உடன் வருகிறார்" என்ற எண்ணம் ஒன்று, உடன் வருகிறாரா என்று திரும்பிப் பார்ப்பது வேறொன்று. ஊழியத்தின் வழியிலும் ஒருவரைத் தவறவிடமுடியும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜெபத்தில் அல்ல; நேராக, பெயர் சொல்லிக் கேட்டேன்.

பேதுருவின் வீட்டருகே

மூன்றாம் நாள் நான் பின்னால் நடந்தேன். ஹத்தீன் மேடுகளின்மேல் ஏறியபோது தூரத்தில் கடல் முதன்முதலாகத் தெரிந்தது. 1187 ஜூலையில் சிலுவைப்போர் வீரர்களின் பெரும்படை சலாதீனிடம் தோற்றது இங்கேதான். கோடை வெயிலில் தண்ணீரில்லாத மேட்டின் வழியாக விரைந்து நடந்து, தாகத்தால் சோர்ந்து, கண்ணெதிரே கடல் தெரிய அவர்கள் விழுந்தார்கள். உடன் வருகிறவர்களின் தாகத்தை எண்ணாமல் விரைகிற தலைவர்களுக்கு அந்த மேடு ஓர் எச்சரிப்பு.

நான்காம் நாள் அர்பேல் செங்குத்துப் பாறை. பாறையில் பதித்த இரும்புப் பிடிகளைப் பற்றிக்கொண்டு இறங்கவேண்டிய இடங்கள் உண்டு. எனக்கு உயரம் என்றால் பயம். துணைவியார் முதலில் இறங்கி, "இடது காலை இங்கே வையுங்கள்; இப்போது கையை விடலாம்" என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தார். பிரசங்கத்தில் ஆயிரம்பேரை நடத்துகிறேன் என்று எண்ணியிருந்தவனை ஒரு ஸ்திரீ குழந்தையைப்போல் இறக்கிக் கொண்டுவந்தார்.

கீழே மகதலா. அங்கே 2009-ஆம் ஆண்டு அகழ்வில் முதலாம் நூற்றாண்டு ஜெப ஆலயம் ஒன்று வெளிப்பட்டது. சற்று அப்பால் கினோசரில், 1986-ஆம் ஆண்டு வறட்சியில் கடல் வற்றியபோது சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட பழைய மீன்படகைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். பலவகை மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டிய ஏழைகளின் படகு.

மாலையில் கப்பர்நகூம். கருங்கல் வீடுகளின் அடிச்சுவர்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. நடுவே பிற்காலத்து ஜெப ஆலயத்தின் வெண்ணிறத் தூண்கள் நிற்கின்றன. அதன் எதிரே, பேதுருவின் வீடு என்று ஆதிமுதல் கருதப்பட்ட இடம். அதன்மேல் எண்கோண வடிவில் எழுந்த பழைய ஆலயத்தின் அடித்தளமும் இருக்கிறது. பேதுருவின் மாமி ஜுரமாய்க் கிடந்து சுகம்பெற்றது இந்த ஊரில்தான்.

மாமி இருந்தாள் என்றால் மனைவி இருந்தாள் அல்லவா? பேதுரு வலைகளை விட்டுப் பின்சென்றான் என்று பிரசங்கிக்கிறோம். அவன் மனைவியைப்பற்றி நாம் பேசுவதேயில்லை. ஆனால் பவுல் பேசுகிறார். கேபாவும் மற்ற அப்போஸ்தலரும் தங்கள் மனைவியரை உடன் அழைத்துக்கொண்டே ஊழியப் பயணம் செய்தார்கள் என்று 1 கொரிந்தியர் 9:5-இல் காண்கிறோம். வேதாகமக் கல்லூரியில் அந்த அதிகாரத்தை ஊழியரின் உரிமைகள் என்ற தலைப்பில் படித்துத் தேர்வு எழுதினேன். அந்த வசனத்துக்குள் இரண்டுபேர் ஒரு வழியில் சேர்ந்து நடந்துபோவதை, கால்கள் கொப்பளித்து அந்தச் சுவரருகே உட்கார்ந்தபோதுதான் கண்டேன்.

அந்த அக்டோபர் 7

நாங்கள் திரும்பிவந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2023 அக்டோபர் 7, சனிக்கிழமை பிற்பகல், அத்திபெலேயில் ஒரு பட்டாசுக் கிடங்கில் தீப்பற்றியது. தீபாவளிக் காலக் கூலிவேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் பலர் மாண்டார்கள். அரூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் அவர்களில் பலர். கல்லூரிச் செலவுக்காக வந்தவர்களும் இருந்தார்கள்.

அன்றிரவு நானும் துணைவியாரும் மருத்துவமனை வாசலுக்கு நடந்துபோனோம். நான் வேதாகமத்தை எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு போர்வையையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டார். ஊரிலிருந்து வண்டிபிடித்து வந்த தாய்மார் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். நான் என்ன வசனம் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருக்கையில், அவர் சுவரோரம் போர்வையை விரித்து ஒரு தாயை உட்காரவைத்து, தானும் அருகே உட்கார்ந்துகொண்டார். விடியும்வரை எழுந்திருக்கவில்லை. பூக்காரம்மாவின் சாக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. நானும் வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் அருகே உட்கார்ந்தேன்.

அதே நாளில்தான் இஸ்ரவேலின் தென்பகுதியில் பெரும் படுகொலை நடந்தது. இயேசு பாதையை அமைத்த மாவோஸ் இனோனின் வயதுசென்ற தகப்பனும் தாயும் காசா எல்லையருகே உள்ள தங்கள் ஊரில் அன்று கொல்லப்பட்டார்கள் என்று பின்னர் அறிந்தோம். பின்தொடர்ந்த யுத்தத்தில் காசாவில் பல்லாயிரம்பேர் மடிந்தார்கள். அந்த மனிதரோ பழிவாங்குதல் வேண்டாம் என்று வெளிப்படையாய்ச் சொன்னார். சகோதரனை இழந்த பாலஸ்தீனராகிய அசீஸ் அபூ சாராவோடு சேர்ந்து ஊர் ஊராய்ச் சமாதானத்தைப் பேசி வருகிறார். பாதை போட்ட மனிதர், இரண்டு ஜனங்கள் ஒன்றாய் நடக்கப் பாதை தேடுகிறார். அந்தத் தேசத்தின் இரு ஜனங்களுக்காகவும் ஜெபியுங்கள். அங்கே செல்ல விரும்புகிறவர்கள் அப்போதைய நிலவரத்தையும் அரசின் அறிவுரையையும் அறிந்து செல்லுங்கள்.

நீங்கள் நடக்கவேண்டிய பாதை

நீங்கள் கலிலேயாவுக்குப் போகவேண்டும் என்பதற்காக இதை நான் எழுதவில்லை. பலருக்கு அந்த வசதி இராது. அதனால் ஒரு குறைவும் இல்லை. அந்த மண்ணில் கால்வைத்ததால் எங்கள் பரிசுத்தம் ஒரு முழமும் கூடவில்லை. ஆனால் கணவனும் மனைவியும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், கைப்பேசியும் கூட்டமும் இல்லாமல் நடக்கும்போது, ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வார்த்தை வெளியே வரும். இருவர் மனமொத்தால்தான் சேர்ந்து நடக்கமுடியும் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி கேள்வியாகவே கேட்டார் (ஆமோஸ் 3:3). சேர்ந்து நடந்துதான் மனமொத்துப் போகவேண்டிய நிலையில் நம்மில் அநேகர் இருக்கிறோம்.

இந்நகரத்துக்கு நீங்கள் வந்த விதத்தைச் சிந்தியுங்கள். பெரும்பாலும் கணவன் முதலில் வந்தார். மனைவி பின்னால் வந்தார். அவர் எந்தப் பேருந்தில் வந்தார், முதல்நாள் இரவு எதைக் கண்டு பயந்தார், எந்த அந்நியர் உதவினார் என்று கணவனாகிய நீங்கள் கேட்டதுண்டா? தனியாய் இருந்த மாதங்களில் உங்கள் கணவர் எங்கே உறங்கினார், என்ன உண்டார், ஏன் அதைப்பற்றிப் பேசுவதில்லை என்று மனைவியாகிய நீங்கள் அறிந்ததுண்டா? பிள்ளை அவரிடம் இருக்கிறது என்று இவரும், இவரிடம் இருக்கிறது என்று அவரும் நினைத்து, ஷிப்டு ஷிப்டாய் ஒருநாள் தூரம் கடந்துவிட்டீர்களோ?

ஷிப்டு ஒத்துவருகிற ஒரு மாலையில், வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் நடந்து போங்கள். நாங்கள் சனிக்கிழமை அதிகாலையில் ஆனேக்கல் சாலையில் நடக்கிறோம். பழைய பஸ் ஸ்டாப் இருந்த பக்கம் வந்ததும் சற்று நிற்போம். அந்தப் பூக்காரம்மாவை அதன்பின் நாங்கள் பார்க்கவேயில்லை. அவர் பெயரும் தெரியாது. அவருக்காக ஜெபித்துவிட்டு வருவோம். அந்தச் சம்பவத்தை இப்போது பீடத்திலிருந்து நான் சொல்லுவதில்லை. சொல்லவேண்டியிருந்தால் துணைவியார் சொல்லுகிறார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

அந்த வாலிப சகோதரருக்கு ஒரு வார்த்தை: தம்பி, நம்முடைய விசுவாசத்திலும் ஒரு நடை உண்டு. வாரத்தில் ஒருநாள் உன் மனைவியை முன்னே நடக்கவிட்டு, நீ பின்னால் நடந்து பார்.

அன்பின் பரம பிதாவே, ஊரைவிட்டு வந்த எங்களோடு ஊரைவிட்டு வந்தவராய் நடக்கிற உம்முடைய குமாரனுக்காக ஸ்தோத்திரம். உடன் வருகிறவரைத் திரும்பிப் பார்க்க எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் அவசரத்தை மன்னியும். வழியில் எங்களுக்கு இடங்கொடுத்த அந்நியர்களை ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.